கூட்டெருவில் மறைந்திருக்கும் களைநாசினி: தோட்டத்தில் போடுமுன் சோதித்துப் பார்க்கும் முறை

ஊருக்குத் திரும்பும் குடும்பங்களுக்குக் கிடைக்கும் உதவிப் பொதியில் மரக்கறி விதை ஒரு தடவைதான் இருக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, பூசணி என்று சிறிய பைக்கற்றுகள். இந்தப் பாடம் அந்த விதைகளைப் பற்றியதல்ல. அவை விழப்போகும் எருவைப் பற்றியது.

இதை எழுத வேண்டி வந்ததற்கு எங்களுடைய தவறு ஒன்றே காரணம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மூதூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டுத்தோட்டத்துக்கென்று வெளியில் கூட்டெரு வாங்கிக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தோம். கறுப்பாக, உதிரியாக, மண்வாசத்துடன் பார்வைக்கு நல்ல எரு. ஐந்தாறு கிழமை கழித்து ஓர் அம்மா எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பயற்றை எல்லாம் இலை மடங்கி நிக்குது. தக்காளிக் குருத்து நூல் நூலாய்ப் போகுது. நான் ஏதும் பிழையாய்ச் செய்திட்டனோ?" என்று கேட்டார்.

அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது, எங்கள் எருவைப் போட்ட பாத்திகள் எல்லாம் ஒரே கோலத்தில் கிடந்தன. எரு போதாமல் வெறும் மண்ணில் விதைத்த வேலியோரத்துப் பயற்றை மட்டும் நன்றாகப் படர்ந்திருந்தது. எங்களோடு வந்த விவசாயப் போதனாசிரியர் ஒரு கன்றைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பூச்சியும் இல்லை, வைரசும் இல்லை. எருவைச் சோதிச்சுப் பாத்தனீங்களோ?" என்றார். நாங்கள் சோதிக்கவில்லை. பையில் அச்சடித்திருந்ததை நம்பியிருந்தோம். அன்று அவர் சொல்லித்தந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் விவசாயம் படித்தவன் அல்லன். கலைப்பிரிவில் தமிழும் புவியியலும் படித்தவன். ஆகவே எனக்கு விளங்கிய அளவில், எல்லோருக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

வைக்கோலில் ஏறி வரும் மருந்து

கூட்டெருக் குவியல் நன்றாகச் சூடேறினால் நோய்க் கிருமிகள் சாகும், களை விதைகள் அவியும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாட்கள் நின்றால் போதும். ஆனால் களைநாசினி கிருமி அல்ல, விதையும் அல்ல. அது ஓர் இரசாயனம். வெறும் சூட்டினால் அது சாவதில்லை. குவியலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று உடைக்க வேண்டும். சில மருந்துகளை அவை சுலபமாக உடைத்துவிடும். வயலில் அதிகம் பாவிக்கும் எம்.சி.பி.ஏ. அப்படிப்பட்டது. நன்றாகப் புரட்டி, ஈரம் வைத்து, சில மாதம் முதிரவிட்ட குவியலில் அதனால் பெரிய தொல்லை வராது. வேறு சில மருந்துகள் பிடிவாதமானவை. குளோபிரலிட், அமினோபிரலிட், பிக்குளோராம் என்பவை கூட்டெருவுக்குள் மாதக்கணக்கில், சில வேளை ஓர் ஆண்டைத் தாண்டியும் கிடக்கும். நெல்வயல்களுக்கென்று தயாரிக்கப்பட்ட குயின்குளோராக் என்ற மருந்தும் மண்ணில் நீண்ட காலம் தங்கும். அதைப் பாவித்த நிலத்தில் தக்காளி நடுவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் பொறுக்கச் சொல்லும் நாடுகள் உண்டு.

இந்த மருந்துகள் செடியை எரிப்பதில்லை. செடிக்குள் ஒக்சின் என்று ஒரு பொருள் உண்டு. தண்டு எந்தப் பக்கம் வளைய வேண்டும், இலை எவ்வளவு விரிய வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். மருந்து அந்தப் பொருளைப் போல வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறது. செடி தாறுமாறாக வளர்ந்து, முறுகி, களைத்துச் சாகிறது. அகன்ற இலைச் செடிகளுக்குத்தான் இந்தக் கதி. புல் வகை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நெல்லும் புல் வகைதானே! அதனால்தான் வயலில் அடித்தபோது களை செத்தது, நெல் நின்றது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. தாங்கிக்கொண்டது என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று பொருள் இல்லை. புல்லும் வைக்கோலும் மருந்தை உடம்பில் வைத்துக்கொண்டே பச்சைப் பசேலென்று நிற்கும். அறுத்துக் காய்ந்த பிறகும் அது உள்ளேயே இருக்கும். வைக்கோலை மணந்து பார்த்தோ, நிறத்தைப் பார்த்தோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதை மாடு தின்றால் மேற்சொன்ன பிடிவாதமான வகைகள் மாட்டின் உடம்பில் தங்காமல் சில நாட்களுக்குள் மூத்திரத்தோடும் சாணத்தோடும் வெளியே வந்துவிடும். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. எருவுக்குத்தான் ஆகும்.

குவியல் மக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஆள் உயரக் குவியல் மூன்று மாதத்தில் இடுப்பளவுக்கு இறங்கிவிடும். பொருள் பாதியாகக் குறைகிறது. மருந்து அதே வேகத்தில் குறையாவிட்டால், மிஞ்சிய எருவில் அதன் செறிவு கூடும். பயற்றை, தக்காளி போன்ற மென்மையான பயிர்களைக் கெடுப்பதற்கு ஆயிரம் தொன் எருவில் சில கிராம் குளோபிரலிட் இருந்தால் போதும். ஒரு தேக்கரண்டி அளவு மருந்து லொறி லொறியாக எருவைப் பழுதாக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல

1999, 2000 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் என்ற இடத்தில் நகரசபை எருவை வாங்கிய வீட்டுத்தோட்டக்காரர்களின் தக்காளியும் பயற்றையும் சுருண்டன. விசாரித்தபோது, வீட்டு முற்றத்துப் புற்தரைக்கு அடித்த குளோபிரலிட் வெட்டிய புல்லோடு எருவாலைக்குப் போயிருந்தது தெரியவந்தது. 2002 இல் அந்த மாநிலம் புற்தரைகளுக்கு அந்த மருந்தைப் பாவிப்பதைத் தடைசெய்தது. 2008 இல் பிரித்தானியாவில் குதிரைச் சாணமும் மாட்டெருவும் வாங்கிய தோட்டக்காரர்கள் இதே முறைப்பாட்டுடன் வந்தார்கள். அங்கே காரணம் அமினோபிரலிட். தயாரித்த நிறுவனம் அந்த ஆண்டு விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. யப்பானில் வெளிநாட்டிலிருந்து இறக்கிய காய்ந்த புல்லை மாடுகள் தின்று, அந்த மாட்டெருவில் வளர்ந்த தக்காளி கெட்டது. புல் முளைத்த நாடு ஒன்று, தக்காளி கெட்ட நாடு இன்னொன்று.

இந்தச் சம்பவங்களில் எருவைச் செய்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மருந்து அடித்தவருக்கும் அந்தப் புல் எங்கே போகும் என்று தெரியாது. நடுவில் நாலைந்து கை மாறிவிடுகிறது. கடைசிக் கை தோட்டக்காரருடையது. சோதித்துப் பார்க்கும் பொறுப்பும், நியாயமோ இல்லையோ, அந்தக் கையில்தான் வந்து விழுகிறது.

நமது நாட்டில் எரு பற்றிய பேச்சு 2021 இல் வீடு வீடாக நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. இடையில் கூட்டெரு என்ற பெயரில் எல்லாம் விலைபோயின. சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் வந்த சுமார் 20,000 தொன் சேதனப் பசளையின் மாதிரியில் தீங்கு தரும் பக்ரீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத் தடுப்புச் சேவை சொல்ல, அந்தச் சரக்கு இறக்கப்படவில்லை. கப்பலில் வந்ததைப் பரிசோதிக்க ஆய்வுகூடம் இருந்தது. நமது படலைக்கு முன்னால் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கும் எருவைப் பரிசோதிக்க அப்படி யாரும் இல்லை.

திருகோணமலை மாவட்டத்தில் நிலைமை இப்படி இருக்கிறது. சம்பூர், கடற்கரைச்சேனை, கூனித்தீவு ஆகிய இடங்களில் 2006 இல் இடம்பெயர்ந்தவர்கள் 2015, 2016 இல் காணிகளுக்குத் திரும்பினார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து இன்றும் சிலர் வந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்பது, பத்து வருடம், சிலருக்கு முப்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணி. மண்ணை மீட்க எரு வேண்டும். சொந்த மாடு இல்லாதவர் எங்கே போவார்? அல்லை, கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா வயல்களில் அறுவடை மெசின் போன பிறகு கிடக்கும் வைக்கோலை ஏற்றுவார். பட்டியில் மாட்டெரு வாங்குவார். இரண்டும் நல்ல பொருட்கள்தான். அவற்றை விட்டுவிடுங்கள் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. கேட்டு வாங்குங்கள், சோதித்துப் போடுங்கள் என்றுதான் சொல்கிறது.

வயற்காரரிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். "காக்கா, இந்தப் போகம் களைக்கு என்ன அடிச்சீங்க? எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டால் சொல்வார்கள். பேர் மறந்திருந்தால் வெறும் போத்தல் கொட்டிலில் கிடக்கும். அதன் லேபலை உங்கள் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வர்த்தகப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதை விட முக்கியமானது கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயர். அந்தப் படத்தைக் கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை நமது சொந்த வளவுக்குள்ளேயே நடக்கிறது. பற்றை மண்டிய காணியைத் துப்புரவாக்கக் களைநாசினி அடிக்கிறோம். ஒரு கிழமையில் எல்லாம் காய்ந்துவிடும். காய்ந்த அந்தப் புல்லையே வாரிக் கூட்டெருக் குழிக்குள் போடுகிறோம். என்ன மருந்து என்று நிச்சயமாகத் தெரியாத எந்தப் புல்லையும் குழியில் போட வேண்டாம். கிளைபோசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022 இல் தடை நீங்கிய மருந்து. அது மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் எரு வழியாகப் பயிரைக் கெடுப்பது குறைவு. ஆனால் இடைப்பட்ட வருடங்களில் லேபல் இல்லாத போத்தல்களில் என்னென்னவோ கைமாறின. போத்தலில் பெயர் இல்லை என்றால் அதைக் கிளைபோசேற் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீட்டிலோ கொட்டிலிலோ பெயர் தெரியாத போத்தல் கண்டெடுத்தால் திறக்கவும் வேண்டாம், கழுவித் தண்ணீர் எடுக்கவும் வேண்டாம். போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

எரு செய்ய இலை குழை வெட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத பற்றைக்குள் எதற்காகவும் இறங்க வேண்டாம். ஒரு கட்டுக் கிளிசறியா இலைக்காக எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல அது.

போத்தல் சோதனை

தேவையானவை: 1.5 லீற்றர் வெறும் தண்ணீர்ப் போத்தல் எட்டு, பயற்றை விதை இருபது வரையில், சோள விதை ஆறு, சந்தேகம் இல்லாத மண் இரண்டு வாளி, சோதிக்க வேண்டிய எரு அரை வாளி. பயற்றை கிடைக்காவிட்டால் போஞ்சியும் சரி, கௌபியும் சரி. இந்த இனம் களைநாசினியை மிகச் சிறிய அளவிலும் காட்டிக்கொடுக்கும். உதவிப் பொதியில் வந்த விதையை இதற்குச் செலவழிக்காதீர்கள். கடையில் சமைக்க வாங்கும் கௌபி நன்றாக முளைக்கும்.

எருவை ஒரே இடத்தில் அள்ள வேண்டாம். மருந்து குவியல் முழுவதும் ஒரே அளவில் இருக்காது. ஒரு வண்டி வைக்கோல் கெட்டது, அடுத்த வண்டி நல்லது என்று கலந்திருக்கும். பத்து இடத்திலாவது, மேலே, நடுவே, அடியில் என்று ஒவ்வொரு கைப்பிடி எடுத்து ஒன்றாகப் பிசையுங்கள். பைகளில் வாங்கியிருந்தால் எல்லாப் பைகளிலிருந்தும் எடுங்கள்.

போத்தல்களைக் குறுக்கே வெட்டி அடிப்பாதியை எடுத்து, அடியில் ஆணியால் மூன்று நான்கு துளை போடுங்கள். நான்கு போத்தலில் எருவும் மண்ணும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். மற்ற நான்கில் வெறும் மண். எது எது என்று அழியாத பேனையால் எழுதுங்கள். ஒவ்வொரு வகையிலும் மூன்று போத்தலில் மும்மூன்று பயற்றை விதையும், நாலாவதில் மூன்று சோள விதையும் ஊன்றுங்கள். வெறும் மண் போத்தல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். விதை கெட்டிருந்தாலோ கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தாலோ வெறும் மண்ணிலும் பயிர் சோரும். அப்போது எருவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

ஒவ்வொரு போத்தலுக்கும் அடியில் தனித்தனி மூடியோ சிரட்டையோ வையுங்கள். எருப் போத்தலில் வடியும் தண்ணீர் மண் போத்தலுக்குள் போகக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே வெயிலில், கோழியும் ஆடும் எட்டாத இடத்தில் வைத்து, ஒரே கிணற்றுத் தண்ணீரை ஒரே அளவில் ஊற்றுங்கள்.

முளைத்த உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விதைக்குள் இருந்த உணவில் முதலில் வரும் சோடி இலை, கெட்ட எருவிலும் அழகாக விரியும். நாங்களும் எட்டாம் நாள் பார்த்துவிட்டு எரு நல்லதுதான் என்று சந்தோசப்பட்டவர்கள். அதற்குப் பிறகு வரும் மூவிலைக் கொத்துகளைத்தான் பார்க்க வேண்டும். அவை மூன்றாவது வர மூன்று கிழமை செல்லும்.

இலை சொல்வது

களைநாசினி இருந்தால் புதிய இலை கரண்டி போல உள்ளே அல்லது வெளியே குவியும். அகலம் குறைந்து, நரம்புகள் நெருங்கி நெடுக்காக ஓடும். தண்டு முறுகும், குருத்து சுருண்டு அப்படியே நிற்கும். தக்காளியில் புது இலைகள் கிழிந்து நூல் போல மெலியும். எருப் போத்தல்களில் பயற்றை இப்படியும், வெறும் மண்ணில் பயற்றை நன்றாகவும், எருப் போத்தலில் சோளம் சுகமாகவும் இருந்தால் அந்த எருவில் அகன்ற இலைக் களைநாசினி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சோளம் புல் வகை என்பதால் அதை இந்த மருந்து தொடாது. சோளத்தை நாலாவது போத்தலில் போடச் சொன்னது இதற்காகத்தான்.

எருப் போத்தல்களில் பயற்றையும் சோளமும் இரண்டுமே மஞ்சளித்துக் குறுகினால் காரணம் வேறு. அனேகமாக எரு முதிரவில்லை. அரைகுறையாக மக்கிய எரு மண்ணில் உள்ள நைதரசனைத் தானே எடுத்துக்கொள்ளும். அமோனியாவும் புளித்த அமிலங்களும் வேரைச் சுடும். இதற்கு ஒரு சின்னப் பரிசோதனை: ஒரு கைப்பிடி எருவை ஈரமாக்கிப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வைத்துத் திறவுங்கள். மண்வாசம் வந்தால் முதிர்ந்தது. புளித்த நாற்றமோ மூக்கில் குத்தும் மூத்திர நெடியோ வந்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் புரட்டிப் போட வேண்டும். இது திருத்தக்கூடிய குறை. பொறுமை மட்டும்தான் செலவு.

இலை ஓரங்கள் மட்டும் கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். கொட்டியாரக் குடாவை அண்டிய ஊர்களில் கடற்பாசியும் களப்பில் ஒதுங்கும் சாதாளையும் எருவுக்குச் சேர்க்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு மழை நனைந்து உப்பு வடிந்த பிறகு சேர்க்க வேண்டும்.

தோட்டத்தில் ஏற்கனவே நிற்கும் பயிர் சுருண்டால் என்ன செய்வது? மிளகாயிலும் தக்காளியிலும் இலைச்சுருளுக்கு வெண்ணீ, பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வைரசு என்று பல காரணங்கள் உண்டு. களைநாசினியை நினைத்துப் பயந்து நல்ல எருவை வீசிவிடாதீர்கள். பூச்சியும் வைரசும் இங்கொரு செடி அங்கொரு செடியாகத் தொடங்கிப் பரவும். எருவில் வந்த மருந்து அந்த எரு விழுந்த பாத்தி முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்தது என்றால் அந்தப் பக்கத்து ஓரம்தான் அதிகம் வாடும். எரு போட்டது போடாதது என்ற வித்தியாசம் அதில் இருக்காது.

சோதனையில் தோற்ற எருவை என்ன செய்வது?

முதலில், அதை அயலவருக்குக் கொடுக்காதீர்கள். விலைக்கும் வாங்கிய எருவை வீணாக்க மனம் வராதுதான். ஆனால் அவருடைய மிளகாய்ப் பாத்தியும் உங்களுடையதைப் போலத்தான்.

அந்த எருவைச் சோளம், குரக்கன், மாட்டுப் புல் விளையும் இடத்தில் மெல்லிய படையாகப் பரப்பி மண்ணோடு கொத்திவிடலாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் மெல்ல மெல்ல மருந்தை உடைக்கும். பெரிய குவியலாக மூடிவைத்தால் உடையாது. அங்கே விளைந்த சோளத்தட்டையையும் புல்லையும் திரும்பக் கூட்டெருக் குழிக்குள் போடக்கூடாது. போட்டால் மருந்து மறுபடியும் தோட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு போகம் கழித்து அந்த மண்ணை எடுத்து இதே போத்தல் சோதனையைச் செய்யுங்கள். பயற்றை நேராக வளர்ந்தால் அதன் பிறகு மரக்கறி நடலாம். வளராவிட்டால் இன்னொரு போகம் சோளம்.

பாத்தியில் போட்டு முடிந்துவிட்டதா? கெட்ட கன்றுகளை எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டு நிற்பதை விட, அந்தப் பாத்தியை இரண்டு மூன்று தடவை கொத்திப் புரட்டி ஈரம் காயாமல் வைத்து, சோளம் போட்டுவிடுவது புத்தி. தக்காளியைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் நட்டு விதையை முடித்தவர்களையும் பார்த்தோம். மரக்கறிக்கு வேறு மூலையில் எரு போடாத மண்ணில் சின்னப் பாத்தி அமைக்கலாம்.

அந்த அம்மா கேட்ட மற்றக் கேள்வி, தப்பிக் காய்த்த தக்காளியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பது. செடியைக் கெடுக்கும் அளவு மிக மிகச் சிறியது. பிரித்தானியாவில் 2008 இல் இதே கேள்வி எழுந்தபோது, அப்படி விளைந்ததைச் சாப்பிடுவதால் உடல்நலத்துக்கு ஆபத்து இல்லை என்றே அங்குள்ள பீடைநாசினிப் பாதுகாப்பு அதிகாரிகள் அறிவித்தார்கள். இது எருவில் எஞ்சிய மருந்தைப் பற்றிய பதில் மட்டுமே. செடி மீது நேரடியாக மருந்து பட்டிருந்தால் காயைப் பறிக்க வேண்டாம், போதனாசிரியரைக் கேளுங்கள்.

சொந்தக் குழியும் வாங்கும் எருவும்

சொந்த வளவின் இலை, சமையற் கழிவு, மருந்து படாத புல், கிளிசறியா, வாழைத்தண்டு, நீங்கள் அறிந்த பட்டியின் சாணம் ஆகியவற்றால் செய்யும் எருவுக்கு நிகர் இல்லை. அளவு குறைவாக இருக்கும். முதல் வருடம் பத்துப் பாத்திக்குப் போதாது, மூன்று பாத்திக்குப் போதும். அந்த மூன்றிலும் தக்காளி, மிளகாய், பயற்றை போன்ற மென்மையான பயிர்களை நடுங்கள். வாங்கிய எருவை வாழை, தென்னை, சோளத்துக்குக் கொடுங்கள். எரு குறைவாக உள்ள குடும்பங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

குவியல் சூடேறியதா என்று பார்க்க வெப்பமானி தேவையில்லை. அலவாங்கை நடுவில் இறக்கிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் நல்ல வேலை நடக்கிறது. பார்த்தீனியம் போன்ற களையின் விதை சாக இந்தச் சூடு வேண்டும். என்றாலும் பூத்த பார்த்தீனியத்தைக் குழிக்குள் போடாமல் இருப்பதே நல்லது. வெறுங்கையால் பிடுங்கவும் வேண்டாம், தோல் அரிக்கும்.

மாடு வளர்ப்பவர்கள் சந்தேகமான வைக்கோலைக் கொடுக்க வேண்டி வந்தால், அந்த நாட்களின் சாணத்தைத் தனியே ஒதுக்குங்கள். நல்ல புல்லுக்கு மாறி மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் சாணத்திலிருந்து மறுபடி எருவுக்குச் சேர்க்கலாம்.

விலைக்கு வாங்கும்போது மூலப்பொருள் என்ன, வைக்கோல் எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை மாதம் முதிர்ந்தது என்று விற்பவரைக் கேளுங்கள். கூட்டெருவுக்கு இலங்கைத் தர நிர்ணயம் உண்டு. பையில் அந்த முத்திரை இருந்தால் ஈரப்பதன், பாரஉலோகம் போன்ற விடயங்களில் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். களைநாசினி எச்சத்துக்கு உங்கள் போத்தல் சோதனைக்கு அது ஈடாகாது. முழு லோட்டையும் இறக்குமுன் ஒரு பை மட்டும் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். தர மறுக்கும் வியாபாரியிடம் வாங்காமல் விடலாம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இனிமேல் நாங்கள் பகிரும் எரு எந்தத் தொகுதியாக இருந்தாலும் மூன்று கிழமை போத்தல் சோதனை முடிந்த பிறகே லொறியில் ஏறும். சோதனைப் போத்தல்களை விரும்பியவர் வந்து பார்க்கலாம். ஏற்கனவே பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு விதைப் பொதி மீண்டும் வழங்கப்படுகிறது. உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் கிராம உத்தியோகத்தர் வழியாகவோ எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடமோ தெரிவியுங்கள்.

பெரும்போக மழை ஒக்டோபரில் தொடங்கும். நாற்றுமேடை போட அதற்கு முன் எரு தயாராக இருக்க வேண்டும். ஆகவே போத்தலில் விதை ஊன்றும் நாள் செப்டெம்பர் முதல் வாரத்தைத் தாண்டக்கூடாது. தமிழ்நாட்டிலிருந்து நடுப்பருவத்தில் வந்து சேர்ந்தவர்கள் சோதனைக்குக் காத்திராமல் எரு இல்லாத மண்ணில் வெண்டியும் பூசணியும் விதைத்துவிட்டு, பக்கத்தில் போத்தல்களை வையுங்கள். மூன்று கிழமையில் எரு நல்லது என்று தெரிந்தால் வேரடியில் இட இன்னும் நேரம் இருக்கும்.